எண்ணெய் குடித்த பிரேக்

1

போன வாரம் என் சைக்கிளைச் சர்வீசுக்கு விட்டிருந்தேன். கடைக்காரர் டேவ் பின்சக்கரத்துப் பிரேக் பேடுகள் இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு கட்டிகள். இரண்டும் அடிப்பிடித்த தோசை மாதிரி கருத்துப்போயிருந்தன.

"இதை யார் சமைத்தது?" என்று கேட்டார்.

"என் தம்பி. எங்கள் அம்மா வீட்டு கேஸ் அடுப்பில்" என்றேன்.

உள்ளதைத்தான் சொன்னேன். டேவ் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். நியூசிலாந்துக்கு வந்து பதினான்கு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று. உண்மையைச் சொல்லும்போது இவர்கள் சிரித்தால் நாமும் சிரித்துவிட வேண்டும். விளக்கப் போனால் ஆயுத பூஜையில் ஆரம்பிக்க வேண்டும், சரஸ்வதியைச் சொல்ல வேண்டும், பஸ்ஸுக்கு ஏன் வாழைக்கன்று கட்டுகிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்குள் கடை சாத்துகிற நேரம் வந்துவிடும்.

உங்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. சைக்கிள் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். நான் ஓட்டுவது மலைச் சைக்கிள். காட்டுப் பாதையில் கல்லும் வேரும் மேடும் பள்ளமுமாக ஒரு சுற்று போட்டு வைத்திருப்பார்கள். அதை மூன்று முறையோ நான்கு முறையோ யார் முதலில் முடிக்கிறார்கள் என்பது போட்டி. சக்கரத்தின் நடுவில் தோசைக்கரண்டியைவிட மெல்லிசாக ஒரு எஃகுத் தட்டு சுற்றும். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு பேடுகள் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் நெருக்கும். வண்டி நிற்கும். இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு: அந்தத் தட்டில் எண்ணெய் படக்கூடாது. பட்டால் பேடு அதைக் குடித்துவிடும். குடித்த பேடு பிடிக்காது.

2

ரோட்டோருவா என்கிற இந்த ஊரில் பூமிக்குள்ளிருந்து வெந்நீரும் கந்தகமும் வரும். வந்த முதல் மாதம், ஊர் முழுக்க முட்டை அழுகிவிட்டது என்று நினைத்தேன். இப்போது வாசனையே தெரிவதில்லை. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. காலை ஷிப்ட் என்றால் மூன்றரைக்கு விடுவார்கள். மூன்றே முக்காலுக்கு நான் பைன் காட்டுக்குள் இருப்பேன். செவ்வாய்க்கிழமை மேடு ஏறுவது, வியாழக்கிழமை வேகம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். நாற்பது வயது தாண்டிய பெண்கள் பிரிவில் போட்டி போடுகிறேன். ஒருமுறை மூன்றாவதாக வந்திருக்கிறேன். அதை இரண்டாவது முறை சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள்.

இது எப்படித் தொற்றிக்கொண்டது என்று என் வீட்டுக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் ஒரு நாள் வாடகைச் சைக்கிள் எடுத்துக் காட்டுக்குப் போனார்கள், என்னையும் இழுத்துப் போனார்கள், அவ்வளவுதான். பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளுக்குப் பிறகு அன்றுதான் சைக்கிளில் உட்கார்ந்தேன். அந்தச் சைக்கிளில் செயின் வாரத்துக்கு இரண்டு தடவை கழன்று விழும். செங்கல்பட்டு ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து செயின் மாட்டுவதில் அப்போதே எனக்கு நல்ல பயிற்சி.

போன வருஷம் ஒரு போட்டியில் விழுந்தேன். செங்குத்தான இறக்கம், மழையில் நனைந்த வேர். பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் இடது தோளில் இறங்கினேன். கழுத்துக்குக் கீழே காறை எலும்பு இரண்டாக உடைந்தது. ஒரு பிளேட்டும் ஏழு திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. காய்ச்சல், வேலை போனது, விபத்து, எதையும் ஊருக்குச் சொல்வதில்லை. சொன்னால் அவர்களால் என்ன செய்ய முடியும், சும்மா அழுவார்கள் என்று ஒரு நியாயம் வைத்திருப்போம். ஆறு வாரம் வீடியோ அழைப்பில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டினேன். "இன்னாடி, மூஞ்சி மட்டும் பெருசா தெரியுது" என்றாள் அம்மா. போன் சரியில்லை என்றேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தச் சமயத்தில்தான் அம்மா இங்கே வருவதற்கான விசா விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். என் அம்மா கன்னியம்மா பிறந்தது அவளைப் பெற்றவர்கள் கூலிக்கு நாற்று நட்ட வயல் ஓரத்தில். ஆதாரில் ஜனவரி ஒன்று, ரேஷன் கார்டில் வேறு வருஷம். பிறந்த தேதி ஏன் இரண்டு இருக்கிறது என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும். எழுதியிருக்கலாம். ஆனால் அவள் வந்து இறங்கினால் கட்டுப்போட்ட கையோடு நான் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அம்மாவிடம், "விசா குடுக்கலம்மா" என்று சொன்னேன்.

இதை எழுதும்போதும் கூசுகிறது.

3

இந்த வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஐந்து வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். சைக்கிளையும் பெட்டியில் கட்டி எடுத்துப் போனேன். நவம்பரில் இங்கே ஒரு போட்டி இருந்தது, ஐந்து வாரம் சும்மா இருக்க முடியாது. ஆனால் உண்மையான காரணம் வேறு.

விழுந்த பிறகு நான் நான்கு போட்டிகளில் கலந்துகொண்டேன். மேடு ஏறுவதில் குறையில்லை. செங்குத்தான இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். வலது கை ஆள்காட்டி விரல் முன் பிரேக்குப் பக்கமே போக மறுத்தது. பின் பிரேக்கை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டே போவேன், சக்கரம் வழுக்கும், இறங்கிவிடுவேன். இறக்கத்தில் நடப்பவள் மலைச் சைக்கிள் போட்டிக்குப் போவதில் அர்த்தமில்லை. இன்னும் ஒரே ஒரு போட்டி, அதிலும் இறங்கி நடந்தால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை உடனே மனதில் குறித்துக்கொண்டார், எனக்குத் தெரியும். அதற்குள் இறக்கத்தில் பயம் தெளிய வேண்டும், அதற்குத்தான் சைக்கிள் கூடவே வந்தது.

அம்மா வீடு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மாவும் என் தம்பி குமரனும் இருக்கிறார்கள். குமரன் மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறான். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். நான் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவேன்.

முதல் நாள் சைக்கிள் டிரவுசரோடு வெளியே வந்தேன். கண்ணில் ஆபரேஷன் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒற்றைக் கண்ணாலேயே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாவாடைய வுட்டுட்டு வந்துட்டியா?"

"இதாம்மா டிரெஸ்ஸே."

"வூட்டுக்குள்ள போட்டுக்கோ. ஊர்ல மாமன் மச்சானெல்லாம் கீறானுங்க."

ஊர் எல்லை வரை தம்பியின் பழைய டிராக் பேண்டை மேலே போட்டுக்கொண்டு ஓட்டினேன். தாண்டியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வேன். ஐந்து வாரமும் இதே ஏற்பாடுதான்.

நியூசிலாந்தில் எனக்கு எதிரி மழையும் வேரும். ஊரில் வேலிகாத்தான் முள். குன்றுகளைச் சுற்றிய பாதை முழுக்க அதுதான். என் டயரில் டியூப் கிடையாது, உள்ளே வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றியிருக்கும், முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். நம் ஊர் வெயிலில் அது இரண்டு வாரத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிட்டது. மூன்று முள் ஒரே நாளில் ஏறியது. ரோட்டோரப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் டயரைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, டயருக்குள்ள பால ஊத்தி வெச்சிகீற?"

"பால் இல்லண்ணா. பஞ்சர் ஆனா அதுவே அடைச்சிக்கும்."

"அப்ப இன்னாத்துக்கு என்கிட்ட வந்துகீற?"

அவரே ஒரு டியூபை மாட்டி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம். மாமல்லபுரம் போய் அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே கடப்பாக்கம் வரை. அந்த நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து சைக்கிள் கூட்டம் வரும். எல்லாருக்கும் மெல்லிய டயர், பளபளப்பு உடை. என் தடித்த டயரைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கடப்பாக்கத்தில் மீன் ஏலம் முடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்து இளநீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். உப்புக் காற்று இரண்டே நாளில் செயினில் துருவாகப் பூத்தது. துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள். "எங்க எண்ணெ போடணும், எங்க போடக்கூடாது?" என்றெல்லாம் ஒன்றும் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சாலையில்தான் போட்டியைப் பற்றித் தெரிந்தது. கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவரும் படூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் இருவரும் சேர்ந்து, செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் குன்று ஒன்றில் விஜயதசமி காலையில் நடத்துகிறார்கள். பெண்கள் மொத்தம் ஐந்து பேர். பாதையை ஒருமுறை போய்ப் பார்த்தேன். குன்றின் உச்சியிலிருந்து ஒரே மொட்டைப் பாறை, நூறு மீட்டர் நீளம், நல்ல செங்குத்து. அடியில் ஒரு செம்மண் பள்ளம், அதைத் தாண்டி ஒரு புளியமரம். மேலே நின்று கீழே பார்த்தேன். இதுதான் அந்த ஒரே ஒரு போட்டி என்று அங்கேயே முடிவு செய்தேன்.

4

என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சில நாள் பதிலே சொல்ல மாட்டாள், காதில் ஏதாவது மாட்டியிருப்பாள். அவள் தமிழ் பேசுவது ஆயாவிடம், அதாவது என் அம்மாவிடம் மட்டும்தான். அதுவும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, தாண்டிக்குதிக்கிற ஆட்டம் போலப் பேசுவாள். கேட்க ஆசையாக இருக்கும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு அழைத்தாள். போட்டியைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன். போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"ஆயா, அம்மாவைப் பத்திரமா பாத்துக்கோ. எலும்பு திரும்ப உடையக் கூடாது."

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். கட்டு பிரித்த பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை.

"திரும்பன்னா?" என்றாள்.

நான் கை நீட்டினேன், தரவில்லை. "திரும்பன்னா இன்னாம்மா செல்லம்?" என்று பேத்தியிடமே கேட்டாள். இனியாவுக்கு இது ரகசியம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது நான்தான். அவள் தன் நாலு வார்த்தையில் எல்லாவற்றையும் சொன்னாள். என்னைத் தூக்கிப் போக ஹெலிகாப்டர் வந்தது என்பதையும்.

போனை வைத்துவிட்டு அம்மா எழுந்து வந்தாள். என் சட்டைக் கழுத்தை ஒதுக்கித் தழும்பைப் பார்த்தாள். விரலால் அதன் மேல் ஒருமுறை தடவினாள். உள்ளே இருக்கும் திருகாணிகள் கைக்குத் தெரியும்.

"எப்போ?"

"போன வருசம்."

கணக்குப் போட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "அதாண்டி வரவேணான்ட்டியா? விசா குடுக்கலன்னு சொன்னியே?"

தலை குனிந்துகொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தி அப்படி நிற்பது எவ்வளவு கேவலம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

"அந்த வண்டிய இனிமே தொடாத" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் என்னோடு சாப்பாடு, மருந்து தவிர வேறு பேச்சு இல்லை. நானும் பயிற்சிக்குப் போகவில்லை. போட்டிக்குப் போகவா வேண்டாமா என்று குமரனைக் கேட்டேன். "என்னிய கேக்காதக்கா. உங்க ரெண்டு பேரு நடுவுல நான் வந்தா சட்னிதான்" என்று நழுவிவிட்டான்.

5

ஆயுத பூஜை அன்று காலையில் குமரன் கம்பெனிப் பூஜைக்குப் போயிருந்தான். அம்மா வீட்டைக் கழுவி, அரிவாள்மனை, மண்வெட்டி, தையல் மிஷின், தம்பியின் பழைய டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"உன் வண்டிய கொண்டா."

மூன்று நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு, அதுவும் இது. போ என்று வாயால் சொல்ல மாட்டாள், இப்படித்தான் சொல்வாள் என்று எடுத்துக்கொண்டேன். சைக்கிளைக் கழுவிக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

அம்மா தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஹேண்டில்பார், சட்டம், பெடல். எஃகு பளபளக்கட்டும் என்று நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். துணி முன்சக்கரத்துக்கு வந்தது. கம்பிகளைத் துடைத்து, நடுவே போய், அந்தத் தட்டை இரண்டு விரலில் துணியோடு பிடித்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பின்சக்கரம். அதிலும் அப்படியே. ஹேண்டில்பாரில் ஒரு சந்தனப் பொட்டு, தட்டின் மேல் வரிசையாக மூன்று, நடுவில் குங்குமம்.

"அதுல வேணாம்மா" என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். கண் ஆபரேஷன் ஆனவள், எது தட்டு எது கம்பி என்று பார்வை தெரியவில்லை, பாவம். ஒரு வருஷமாகப் பொய் சொன்ன என்னை மன்னித்து ஆசீர்வாதம் பண்ணுகிறவளின் கையைப் பிடித்து "அங்கே வைக்காதே" என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம், சோப்புத் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கேதான் தவறு. சாயங்காலம் வாளியும் கையுமாக வந்தபோது அம்மா குறுக்கே நின்றாள்.

"சாமிக்கு வெச்சத இன்னிக்கி யாரும் தொடக்கூடாது. காலையில எடுத்துக்கோ."

இது எனக்கே தெரிந்த வழக்கம். சின்ன வயதில் புத்தகத்தை அடுக்கி வைத்துவிட்டு ஒரு நாள் படிக்காமல் இருக்கக் கிடைத்த சந்தோஷத்தை மறக்க முடியுமா? பதினான்கு வருஷத்தில் மறந்திருந்தேன். இரவெல்லாம் சைக்கிள் படத்துக்கு முன்னால் நின்றது. பேடுகள் ஆற அமர எண்ணெய் குடித்தன.

6

விடியற்காலை ஐந்து மணிக்குக் குமரன் பேடுகளைக் கழற்றி முகர்ந்து பார்த்தான்.

"க்கா, நல்லா எண்ணெ குடிச்சிகீது. ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்பேர் கீதா?"

ஒரே ஒரு ஜோடி இருந்தது. அதை முன்சக்கரத்தில் மாட்டினோம். கை கழுவுகிற சானிடைசரை ஊற்றித் தட்டுகளைத் துடைத்தோம். பின்சக்கரப் பேடுகளைக் குமரன் உப்புத்தாளில் தேய்த்தான், பிறகு இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் வாட்டினான். கருகிய தேங்காய் எண்ணெய்ப் புகை சமையலறையை நிறைத்தது. அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என் அடுப்புல இன்னாத்தடா வாட்டிகினு கீற?"

"பிரேக்கம்மா" என்றான் குமரன்.

மாட்டி ஓட்டிப் பார்த்தேன். முன் பிரேக் அருமையாகப் பிடித்தது. பின் பிரேக் கால்வாசிதான் பிடித்தது, ஆனால் ஊரைக் கூட்டுகிற மாதிரி கிறீச்சிட்டது. நான் ஒரு வருஷமாக நம்பியிருந்த பின் பிரேக் இனி ஹாரன்தான். நான் பயப்படுகிற முன் பிரேக் மட்டும் நன்றாக இருக்கிறது.

"போவணுமாக்கா?" என்று கேட்டான் குமரன்.

அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். "போறேன்" என்றேன். அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "நானும் வரேன்" என்றாள்.

ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி. கொடியசைக்க ஒரு பிரமுகர் வர வேண்டும், அவர் மூன்று பூஜைகளை முடித்துவிட்டு எட்டேகாலுக்கு வந்தார். நியூசிலாந்தில் போட்டி ஒரு நிமிடம் தள்ளிப்போனால் மன்னிப்புக் கேட்பார்கள். ஊரில் எங்களுக்குப் பொரி கொடுத்தார்கள். வெயில் ஏறியது.

மூன்று சுற்று. முதல் சுற்றில் மேட்டில் இரண்டு பேரைத் தாண்டினேன். பாறையின் உச்சிக்கு வந்ததும் கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்தேன். நான் தாண்டிய இருவரும் திரும்ப என்னைத் தாண்டினார்கள். கீழே புளியமரத்தடியில் அம்மா நின்றிருந்தாள், பக்கத்தில் குமரன். நான் தள்ளிக்கொண்டு போவதை அம்மா பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி வழியாக அவள் என்ன நினைத்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாவது சுற்றிலும் அதே உச்சி, அதே நடை. "க்கா, இன்னும் ஒண்ணுதான் கீது!" என்று குமரன் கத்தினான். ஒன்றுதான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா?

மூன்றாவது முறை உச்சிக்கு வந்தபோது முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. இந்தச் சுற்றிலும் இறங்கி நடந்தால் சைக்கிளை விற்க வேண்டும். இது ஒன்றும் பெரிய துயரம் இல்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் இதைவிடப் பெரிய துயரங்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் அழுகை வந்தது. எனக்கென்று நானே தேடிக்கொண்டது வாழ்க்கையில் இது ஒன்றுதான். படிப்பு பிழைப்புக்கு, வேலை குடும்பத்துக்கு, வெளிநாடு எல்லாருக்கும்.

விரலை முன் பிரேக்கின் மேல் வைத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான் அழுத்தினேன். இடுப்பைப் பின்னால் தள்ளிச் சைக்கிளைப் பாறையில் இறக்கினேன். பின் பிரேக் போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்காய்கள் எழுந்தன. பாறை முடிந்து பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியபோது ஒருமுறை சாய்ந்தது, கால் ஊன்றினேன், நிமிர்ந்தது. விழவில்லை. குமரன் விசிலடித்தான். ஐந்து பேரில் நான்காவதாக வந்தேன். ஐந்தாவது பெண்ணுக்குச் செயின் அறுந்திருந்தது.

7

புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். குமரன் மோர் வாங்கப் போனான். அம்மா முந்தானையால் என் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். தழும்பு வந்த இடத்தில் கை நின்றது.

"நான் வேணும்னேதாண்டி வெச்சேன்" என்றாள்.

"இன்னாத்த?"

"எண்ணெய. அந்தத் தட்டுல."

சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன்.

"போன ஆயுத பூஜைக்கு உன் தம்பி மோட்டார் பைக்குல அப்பிடி வெச்சிட்டேன். கத்துகத்துன்னு கத்துனான், பிரேக்கே புடிக்காதுன்னு. எனுக்குத் தெரியும்."

"கண்ணு சரியா தெரியலன்னு நெனச்சேன்மா."

"எனுக்கு நல்லாத்தான் தெரியுது. இப்பத்தான் நல்லா தெரியுது."

கோபம் சுர்ரென்று ஏறியது. "நான் விழுந்திருந்தா? உயிரே போயிருக்கும்!"

"பிரேக்கு புடிக்கலன்னா போவமாட்டன்னு நெனச்சேன். நீ போவன்னு நான் கண்டனா? காலையில அடுப்புல வாட்டும்போதே கை காலெல்லாம் ஆடிப்போச்சு. அதான் கூட வந்தேன். சாமி, சாமின்னு அந்தச் சத்தத்தக் கேட்டுகினே நின்னேன்."

"போகாதன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? அடுப்பு பக்கத்துல நிக்கும்போதாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். ஆபரேஷன் ஆன கண் சிவந்திருந்தது.

"நீ சொன்னியா?" என்றாள்.

குமரன் மோர் கொண்டுவந்தான். மூன்று பேரும் குடித்தோம். அவன் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு? ஜெயிச்ச மாதிரியே இல்லியே" என்றான். நான்காவது இடம் ஜெயிப்பு இல்லை என்று அவனுக்கு விளக்கவில்லை.

8

திரும்பி வந்தபோது இங்கே விமான நிலையத்தில் சைக்கிள் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்கள். வெளிநாட்டு மண்ணும் விதையும் உள்ளே வரக்கூடாது என்பதில் இவர்கள் மகா கண்டிப்பு. டயர் இடுக்கில் செங்கல்பட்டுச் செம்மண் இருக்கிறது என்று நானே படிவத்தில் எழுதியிருந்தேன். அதிகாரி அதைக் கழுவ எடுத்துப் போனார். ஹேண்டில்பாரில் காய்ந்திருந்த பொட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சந்தனம் என்றேன். மரமா என்றார். மரம்தான், அரைத்தது என்றேன். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். இனியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். ரகசியத்தை உடைத்துவிட்டேனா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம், நல்லவேளை என்று தமிழில் சொன்னேன்.

சைக்கிளை விற்கவில்லை. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கான விசா விண்ணப்பத்தை மறுபடி போட்டிருக்கிறேன். பிறந்த தேதி ஏன் இரண்டு என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

நேற்று அம்மாவை அழைத்தேன். வருகிற சனிக்கிழமை போட்டி இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"எறக்கம் கீதா?"

"ரெண்டு கீதும்மா. ஒண்ணு அந்தப் பாறைய விட மோசம். போன வருசம் விழுந்தது அங்கதான்."

இப்படி எதையும் குறைக்காமல் அவளிடம் நான் சொல்வது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சரி" என்றாள். "முடிஞ்சதும் போன் பண்ணு. வுழுந்தாலும் பண்ணு."